பைப்பை அடகு வைத்த ராஜாங்கம்

இதை எழுதுகிறவன் ராஜாங்கத்தை முதலில் பார்த்தது வடலூரில், அப்துல் கபாரின் லேத் பட்டறையில். அன்று காணும் பொங்கல். கடைத்தெருவில் டீக்கடையும் பூக்கடையும் தவிர மற்றதெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. ஆட்கள் இல்லாத நாளில்தான் மெஷினுக்கு நிம்மதியாக எண்ணெய் விட முடியும் என்று கபார் பாய் மட்டும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே இருந்தார். வீட்டுக் கேட்டின் கீலுக்கு ஒரு புஷ், அதாவது நடுவில் ஓட்டையுள்ள சின்ன உலோகக் குழல், கடைந்து வாங்கப் போன அவனுக்கு முன்னால் ஒரு வாட்டசாட்டமான ஆள் குனிந்து உள்ளே நுழைந்தார். கக்கத்தில் ஒரு நீட்டு இரும்புப் பைப்பு. மற்றொரு கை இறுக மூடியிருந்தது. என்ன அண்ணே என்று பாய் கேட்டதும் அந்தக் கையை விரித்தார். எண்ணெய்க் கறையோடு ஒரு போல்ட்டு. அதன் திருகு மரைகளுக்குள் வெள்ளிக் கம்பி சுற்றியது போல ஏதோ பளபளத்தது.

பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது அலுமினியம். போல்ட்டு உட்கார்ந்திருந்த ஓட்டையின் மரை மொத்தமும் சுருள் சுருளாகப் பிய்ந்து போல்ட்டோடு வெளியே வந்திருந்தது.

"யாரு முறுக்குனது?"

"நான்தான் பாய்."

பாய் கக்கத்துப் பைப்பைப் பார்த்தார். "இத்தப் போட்டா?"

ராஜாங்கம் தலையை மட்டும் ஆட்டினார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நெய்வேலி வட்டாரத்தில் ஸ்பேனர் பிடிக்கிற கூட்டத்துக்குள் அந்தப் பைப்பைத் தெரியாதவர்கள் குறைவு.

ராஜாங்கம் சுரங்கத்தில் பிட்டர். காண்ட்ராக்ட். மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ராவும் பகலும் ஓடுகிற பெரிய பெல்ட்டுகளின் அடியில் அவருக்கு வேலை. அங்கே ஒரு போல்ட்டு தளர்ந்தால் உருளை சாயும். உருளை சாய்ந்தால் பெல்ட்டு ஒதுங்கும், ஒதுங்கிய பெல்ட்டு கிழியும், கிழிந்தால் ஒரு ஷிப்டே படுத்துவிடும். அதனால் ஸ்பேனரின் வாலில் பைப்பைச் செருகி, கையின் நீளத்தைக் கூட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டு முறுக்குவார். அவர் முறுக்கிய போல்ட்டு கழன்றதாக எந்த ஷிப்டிலும் பேச்சில்லை. சூப்பர்வைசர்கள் சுத்தியலால் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டு வருவார்கள். ராஜாங்கம் பார்த்த இடம் என்று தெரிந்தால் தட்டாமலே கடந்துபோவார்கள். காண்ட்ராக்ட்காரனுக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான் என்றாலும் அது உண்மையான மரியாதை. அந்த மரியாதை அந்தப் பைப்பில்தான் இருப்பதாக அவர் நம்பினார்.

மாமியார் வீட்டில் அது செல்லுபடியாகவில்லை.

மனைவி திலகவதியின் ஊர் நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் நடுவில், முந்திரிக் காட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் பட்டம் வாங்கியவனை விட பெர்மனென்ட் ஆனவனுக்குத்தான் மாலை கனமாக விழும். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் திலகவதியின் அண்ணன் குழந்தைவேல், மைன்ஸில் என்பார். பெர்மனென்ட்டா என்று அடுத்த கேள்வி வருவதற்குள் இந்த வருஷம் முந்திரி எப்படிக் காய்த்திருக்கிறது என்ற பேச்சுக்குத் தாவிவிடுவார். ராஜாங்கம் அதைக் கவனிக்காதவர் போலத் தோட்டத்துப் பக்கம் எழுந்து போவார். தோட்டத்தில் நிற்கும் டிராக்டரோடு அவருக்கு ஏற்பட்ட சிநேகம் அப்படி வளர்ந்ததுதான்.

அது குள்ளமான, சாம்பல் நிறச் சீமை வண்டி. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றிலிருந்து குழந்தைவேலின் அப்பா காலத்தில் வந்தது. ஊரில் அதற்குப் பெயர் சின்னவண்டி. இன்றைக்கு அது உழுவதில்லை, சுமப்பதுமில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாளுக்காக உயிரோடு இருக்கிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்குக் குளிக்கப் போகிற நாள். ஊர் அம்மனை அலங்கரித்து டிரெய்லரில் ஏற்றினால் அதை இழுப்பது சின்னவண்டிதான். கனத்த புது டிராக்டர்கள் ஆற்று மணலில் இறங்கி முனகும்போது இது கோழிக்குஞ்சு போலக் குடுகுடுவென்று மேலே ஓடிவிடும்.

ஒரு குறை உண்டு. இன்ஜினின் அடிவயிற்றில், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கிற அந்த ஒற்றைப் போல்ட்டு கசியும். சொட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. வேறு நாளாக இருந்தால் யாருக்கும் கவலையில்லை. ஆற்றுத் திருவிழா அன்று காலையில் கோயில் வாசலைக் கழுவி, ஊர்ப் பெண்கள் பச்சரிசி மாவில் பெரிய கோலம் போடுவார்கள். வண்டி வந்து அந்தக் கோலத்தின் மேல் நின்றுதான் அம்மனை வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கோலத்தில் கறுப்புச் சொட்டு. அது கண்ணில் படாமலிருக்க வருஷா வருஷம் வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஒரு டின்னைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். பிள்ளைக்கு அணையாடை கட்டியது போல இருக்கும்.

குழந்தைவேலின் பங்காளி விஜயராஜ் அந்த வருஷம் புது டிராக்டர் எடுத்திருந்தார். பொங்கலுக்கு முன்னாலேயே டீக்கடையில் பேச்சை ஆரம்பித்துவிட்டார். "அம்மன் குளிக்கப் போவுதா, இந்த வண்டி ஒண்ணுக்குப் போவப் போவுதான்னே தெரியலயே" என்றாராம். கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், இந்த முறை நம் வண்டியில் வைத்துப் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அதில் தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊரில் அம்மன் ஒரு வண்டியை விட்டு இறங்கினால் மறுபடியும் அதில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. முன்பு மாட்டு வண்டியை விட்டு இறங்கினாள், அந்த வண்டியைக் கொடுத்த வீட்டுக்காரர்கள் இன்றுவரை கூட்டத்தோடுதான் நடந்து வருகிறார்கள்.

இதைக் கேட்டு வந்து குழந்தைவேல் புலம்பியபோதுதான் ராஜாங்கம் வாயைத் திறந்தார். ஆயில் மாற்றித் தருகிறேன், ஒரு சொட்டு விழாது, டின்னைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கொடுத்த முதல் வாக்கு அது. குழந்தைவேலும் முதல் தடவையாக, "நீங்க பாத்துக்குங்க மாப்ள" என்றார்.

பொங்கலன்று மற்றவர்களுக்குப் பதிலாக ஷிப்ட் பார்த்ததால் அடுத்த நாட்கள் அவருக்கு ஆஃப். காணும் பொங்கல் காலையில் வண்டிக்கு அடியில் படுத்தார். பழைய ஆயிலை வடித்தார். போல்ட்டைத் துடைத்துத் திரும்பப் பூட்டினார். கையால் முறுக்கியது போதும் என்று ஸ்பேனர் சொன்னது. ஒரு சொட்டு விழாது என்று வாக்குக் கொடுத்த மனம் அதைக் கேட்கவில்லை. பைப்பைச் செருகினார். சுரங்கத்தில் கட்டை விரல் தடிமன் போல்ட்டுகளை அடக்கிய தோள் ஒரே ஒரு தம் கட்டியது.

முதலில் கனமாக வந்தது. பிறகு கனம் போய்விட்டது. ஸ்பேனர் வெண்ணெயில் கத்தி போலச் சுற்ற ஆரம்பித்தது. வேலை தெரிந்தவனுக்கு அதைவிட மோசமான உணர்வு கிடையாது. கையில் அடிபட்டால் கத்தலாம். இதில் கத்தவும் முடியாது.

அவர் வெளியே வராததைப் பார்த்துக் குழந்தைவேல் குனிந்து கேட்டார். மரை போய்விட்டது என்றார் ராஜாங்கம். செய்தி தெருமுனையைத் திரும்புவதற்குள் விஜயராஜ் தன் டிராக்டரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். பார்க்க வந்த கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. பசை வைத்து அடை என்றார் ஒருவர். வேப்பங்கட்டையைச் சீவி அடி என்றார் இன்னொருவர். இன்ஜின் சூட்டில் பசை இளகும், குலுங்கலில் கட்டை தெறிக்கும், ஆற்றுக்குப் போகிற வழியில் திருவதிகை தாண்டுவதற்குள் ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டி இன்ஜின் இறுகி நின்றுவிடும் என்று ராஜாங்கம் சொன்னார். கேட்க ஆளில்லை.

"மாப்ள வண்டி மரையையும் கழட்டிட்டாரு, கொழந்தவேலு அண்ணன் மரையையும் கழட்டிட்டாரு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

குழந்தைவேல் கோபப்படவில்லை. அதுதான் ராஜாங்கத்துக்குத் தாங்கவில்லை. போனால் போகிறது மாப்பிள்ளை, விஜயராஜ் வண்டியே போகட்டும் என்று சொல்லிவிட்டு, பேச்சை முந்திரிக்குத் திருப்பினார்.

திலகவதி மட்டும் பைக் சாவியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "நாளைக்கு முழு நாளு இருக்குது. வாக்குக் குடுத்துட்டு இங்க குந்திகினு இருந்தா எப்பிடி?"

இப்படித்தான் அவர் பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தது.

பாயும் அவரும் லேத்துக்குப் பக்கத்தில் போல்ட்டை வைத்துக்கொண்டு சண்டை போடாத குறையாகப் பேசினார்கள். சேம்பர் என்று அவர்கள் சொல்லும் அந்த ஆயில் தொட்டியைக் கழற்றி எடுத்துவந்தால் அரை மணியில் முடித்துத் தருகிறேன் என்றார் பாய். அந்த வண்டிக்கு முதுகெலும்பே சேம்பர்தான், அதைக் கழற்றினால் வண்டியே இரண்டாகப் பிரியும் என்றார் ராஜாங்கம். அப்படியானால் பெரிய போல்ட்டாகப் போட்டு அடைத்துவிடலாமா என்றார் பாய். இன்னொரு தடவை மரை போனால் அடுத்த பெரிய போல்ட்டுக்கு அலுமினியத்தில் இடம் இல்லை என்றார் ராஜாங்கம். கடைசியில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கெட்டுப்போன ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் ஒரு பித்தளைப் புஷ்ஷை நிரந்தரமாகத் திருகிவிடுவது. புஷ்ஷுக்கு வெளியேயும் மரை, உள்ளேயும் மரை. உள் மரையில் பழைய போல்ட்டு அப்படியே உட்காரும்.

பாய் மரை அளவுகோலைப் போல்ட்டில் வைத்துப் பார்த்தார். சீமை வண்டி, இஞ்சுக் கணக்கு. லேத்தை ஓடவிட்டார். பித்தளை பொன் பொன்னாகச் சுருண்டு விழுந்தது. கேட்டுக்குப் புஷ் கேட்டு வந்தவன் காத்திருந்தான். அன்று அவனை யாரும் கவனிக்கவில்லை, அவனும் தன் புஷ்ஷை மறந்துவிட்டான்.

புஷ் முடிந்ததும் பாய் அலமாரியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு டேப்பை எடுத்தார். ஓட்டைக்குள் மரை வெட்டுகிற கருவி அது. பார்க்கத் தடிமனாக இருக்கும். ஆனால் கண்ணாடி ஜாதி. வளைத்தால் வளையாது, ஒடியும். ஓட்டைக்குள்ளேயே ஒடிந்தால் அதைத் தோண்டி எடுக்க ஆண்டவன்தான் வர வேண்டும். அந்த அளவில் அவரிடம் இருந்தது ஒன்றுதான். பொங்கல் முடிகிறவரை வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ராஜாங்கம் கையை நீட்டினார். பாய் கொடுக்கவில்லை.

"அந்தப் பைப்ப இங்க வெச்சிட்டுப் போங்க."

"அது எதுக்கு பாய்?"

"அடகு. டேப்ப முழுசா கொண்டாந்து குடுத்துட்டு பைப்ப வாங்கிக்குங்க. ஒடைஞ்சு வந்தா பைப்பு எனக்கு."

ராஜாங்கம் டேப்பையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பைப்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, டேப்பையும் புஷ்ஷையும் ஒரு செம்பு வாஷரையும் வாங்கிக்கொண்டு போனார். பைக் கிளம்பியபோது ஒரு கை பழக்கத்தில் கக்கத்தைத் தடவியது.

மறுநாள் காலையிலிருந்து அவர் வண்டிக்கு அடியில் இருந்தார். பார்க்க வந்தவர்களைத் திலகவதி தெருவிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். ராஜாங்கம் முதலில் டிரில் மெஷினால் ஓட்டையைப் பெரிதாக்கினார். தூள் மேலே போகாமல் கீழேயே விழுந்தது. பிறகு டேப்பில் நீளவாக்கில் ஓடும் காடிகளில் கிரீஸை அப்பினார், வெட்டுகிற தூளெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. மூலைமட்டத்தை வைத்து டேப் கோணாமல் நிற்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்தார். அதன்பின் ஆரம்பித்தார். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். உலோகம் முனகினால் நிறுத்துவது. வெளியே எடுத்துத் துடைப்பது. மறுபடி கிரீஸ்.

அவருடைய தோளுக்கு இது பெரிய தண்டனை. அது எப்போதும் எதிர்ப்பைத் தேடும் தோள். எதிர்ப்பு வந்தால் இன்னும் கொஞ்சம் அமுக்குவதுதான் அதற்குத் தெரியும். இங்கே எதிர்ப்பு வந்தால் பின்வாங்க வேண்டும். ஒரு இடத்தில் டேப் இறுகிக்கொண்டது. பழக்கத்தில் முழங்கை தானாக எழுந்தது. எழுந்த முழங்கை அந்தரத்தில் நின்றது. வடலூர்ச் சுவரில் சாய்ந்திருக்கும் பைப்பு கண்ணுக்குள் வந்ததாகப் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். முழங்கையைத் தரையில் ஊன்றினார். விரல்களால் மட்டும் டேப்பைப் பின்னால் திருப்பினார். கடுகளவு ஒரு அலுமினியத் துணுக்கு உதிர்ந்து அவர் மீசையில் விழுந்தது. அதன்பின் டேப் மாவில் இறங்குவது போல இறங்கியது.

உச்சி வெயிலுக்கு முன்னால் புஷ் உள்ளே போய்விட்டது. வெளி மரையில் சூடு தாங்குகிற பசை தடவி, விளிம்பு சேம்பரோடு ஒட்டி நிற்கும்வரை திருகினார். டீசல் ஊற்றி உள்ளே அலசி வடித்தார். அதில் தூள் வராத வரைக்கும் விடவில்லை. பாய் கொடுத்த செம்பு வாஷரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார். அப்படிச் செய்தால் செம்பு மெத்தென்றாகி, இடுக்கு விடாமல் படியும். இத்தனை வருஷம் கசிந்ததே தேய்ந்த வாஷரால்தான், போல்ட்டு தளர்ந்ததால் இல்லை. அது அவருக்கு முந்தின நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. பைப்பு கையில் இருந்ததால் யோசிக்கவில்லை.

கடைசியில் போல்ட்டைப் பூட்டுகிற நேரம். ஸ்பேனரை எடுத்தார். எழுந்து வெளியே வந்தார். ஸ்பேனரைக் கல்லின் மேல் வைத்து, ரம்பத்தை எடுத்து, அதன் வாலை அறுக்க ஆரம்பித்தார். நல்ல ஸ்பேனர், சொந்த ஸ்பேனர். திலகவதி ஓடி வந்தார்.

"என்னாங்க பண்றீங்க? மர கழண்டது வண்டிக்கா உங்களுக்கா?"

"என் கைய நான் நம்பல திலகா. நீட்டா இருந்தா எதனா ஒண்ண செருகுவேன். குட்டையா இருந்தா செருக முடியாதில்ல."

அறுத்து முடித்தபோது ஸ்பேனர் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். போல்ட்டு உட்கார்ந்தது. மெத்தென்ற செம்பு நசுங்கிப் படிவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு சிறு அசைவு. அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டார்.

புது ஆயில் ஊற்றி, சாயங்காலம் வண்டியைக் கிளப்பி ஓடவிட்டார்கள். சொட்டு இல்லை. ஆனாலும் குழந்தைவேல் டின்னைத் தேடி எடுத்து வந்து வைத்தார். விஜயராஜையும் வண்டியோடு தயாராக வரச் சொல்லியிருந்தார். கோலத்தில் கறை விழுந்தால் அந்த இடத்திலேயே டிரெய்லரை மாற்றிப் பூட்டிவிடலாம் என்று ஏற்பாடு.

தை ஐந்து விடிந்தது. கோயில் வாசலில் பெண்கள் கோலம் போட்டார்கள். வருஷா வருஷம் வண்டியின் வயிறு நிற்கிற இடத்தில் நாலு புள்ளியை விட்டு வெறுந்தரையாக வைப்பது வழக்கம், டின் தெரியாமல் நிழலில் போகட்டும் என்று. அன்று திலகவதி மாவுக் கிண்ணத்தோடு நடுவில் உட்கார்ந்தார். அந்த வெறும் இடத்தில், இன்ஜினுக்கு நேர் கீழே, ஒரு தாமரை போட்டார். கோடுகளாக இல்லை, இதழ்களை முழுக்க மாவால் நிரப்பி, தட்டில் கொட்டிய சோறு போல வெள்ளையாக.

குழந்தைவேல் டின்னையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது வேணாண்ணா."

"ஊரே பாக்குது தெலகம்."

"பாக்கட்டும்னுதான் போட்டேன்."

குழந்தைவேல் ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் டின்னை வாங்கி, கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். அது தகரச் சத்தத்தோடு எங்கோ விழுந்தது.

சின்னவண்டி குடுகுடுவென்று வந்து தாமரையின் மேல் நின்றது. இன்ஜினை நிறுத்தக்கூடாது, சூடானால்தான் உண்மை தெரியும் என்று ராஜாங்கமே சொல்லிவிட்டார். அம்மனைத் தூக்கி வந்தார்கள், டிரெய்லரில் ஏற்றினார்கள், குடை கட்டினார்கள், சூடம் காட்டினார்கள். பம்பை மேளம் முழங்கிக்கொண்டே இருந்தது. சாமியைப் பார்க்க வேண்டிய கண்கள் எல்லாம் வண்டியின் வயிற்றைப் பார்த்தன. ராஜாங்கம் மட்டும் பார்க்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்தது. கோலத்தில் இரண்டு பக்கமும் டயர் தடம். நடுவில் தாமரை அப்படியே இருந்தது.

முதலில் குனிந்தவர் விஜயராஜ். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தாமரையின் ஒவ்வொரு இதழாகக் கண்ணால் தேடினார். பிறகு மாவை ஒரு விரலால் தொட்டுக் கூட்டத்துக்குக் காட்டினார். வெள்ளை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது; தோற்றவன் சிரிப்பு இல்லை, நல்ல வேலையைப் பார்த்தவன் சிரிப்பு.

"மாப்ள, எங்க வண்டிக்கும் நீங்கதான் ஆயில் மாத்தணும். ஆனா அந்தப் பைப்ப வூட்லயே வெச்சிட்டு வாங்க."

"அது அடகுல இருக்குது" என்றார் ராஜாங்கம். ஊர் மறுபடியும் சிரித்தது. இந்த முறை அவரும் சேர்ந்து சிரித்தார்.

மற்ற வருஷங்களில் அவர் ஷேர் ஆட்டோவில் பின்னால் வருவார். குழந்தைவேல் வண்டியை நிறுத்தி, தன் பக்கத்து மட்கார்டைத் துண்டால் துடைத்து, ஏறுங்கள் என்றார். பண்ருட்டியைத் தாண்டும்போது தெரிந்தவர் ஒருவர் கைகாட்டி, பக்கத்தில் யார் என்று கேட்டார். மாப்பிள்ளை, மைன்ஸில் இருக்கிறார் என்று குழந்தைவேல் சொன்னார். பெர்மனென்ட்டா என்று கேள்வி வந்தது. இந்த முறை முந்திரிக்குப் போகவில்லை.

"காண்ட்ராக்ட்டு. இந்த வண்டிக்கு மர போட்டவரு அவுருதான்."

பெண்ணையாற்று மணலில் கனத்த வண்டிகள் கரையிலேயே நின்றுகொண்டன. சின்னவண்டி மட்டும் அம்மனைத் தண்ணீரோரம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

மறுநாள் ராஜாங்கம் வடலூர் போய் டேப்பைத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பாய் அதன் முனையை நகத்தால் தடவிப் பார்த்தார், பிறகு சுவரோரம் இருந்த பைப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

ராஜாங்கம் இப்போது மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். சுரங்கத்தில் அதே பெல்ட்டுகளின் அடியில், அதே காண்ட்ராக்ட்டில் பிட்டர். பைப்பு அங்கே அவரோடு இருக்கிறது. குட்டை ஸ்பேனர் சின்னவண்டியின் சீட்டுக்கு அடியில் கம்பியால் கட்டித் தொங்குகிறது. ஆஃப் நாட்களில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள், விஜயராஜும் வருகிறார். தை ஐந்தாம் நாள் மட்டும் அவர் ஷிப்ட் போடுவதில்லை.